‘வீடு’ மறுபடி பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? (பாலு மகேந்திரா, 1988)

டயனோரா டிவி எழுதியது, செவ்வாய் காலை 9:12

போன வாரம் ஒரு ராத்திரி தூக்கம் வரவில்லை. போனில் எதையோ தேடப் போய் ‘வீடு’ கண்ணில் பட்டது. பத்து நிமிடம் பார்த்துவிட்டுப் படுக்கலாம் என்று ஆரம்பித்தேன். முடிந்தபோது மணி இரண்டேகால்.

இது எனக்கு மூன்றாவது முறை. முதல் தடவை பார்த்தது ஆறாவது படிக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை மதியம் தூர்தர்ஷனில். விருது வாங்கிய படங்களை அந்த நேரத்தில்தான் போடுவார்கள், கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடும். சண்டை இல்லை, பாட்டு இல்லை. எப்போது முடியும் என்று காத்திருந்தது மட்டும் ஞாபகம். இரண்டாம் தடவை 2004-இல், கல்லூரி விடுதி அறையில் எட்டுப் பேர். லஞ்சம், காண்ட்ராக்டர், அரசாங்க ஆபீஸ் என்று எல்லாவற்றையும் திட்டிவிட்டு டீ குடிக்கப் போனோம்.

இந்தத் தடவை அதெல்லாம் கண்ணில் படவே இல்லை. சொந்த வீடு கட்டப் போராடும் சுதாவாக வரும் அர்ச்சனாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆரம்பத்தில் தங்கையோடு சிரித்துப் பேசும் பெண், அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறுகிப்போகிறாள். சிமெண்ட் திருட்டு வெளியே வரும் இடத்தில் ஒரு முகம் வருமே, அதைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அது நான் ஒன்பது வயதில் பார்த்த முகம்.

கதையைச் சொல்லிவிடுகிறேன். 1993-இல் விழுப்புரத்தில் அம்மா வீடு கட்டினார். அப்பா ராணுவத்தில், வருடத்துக்கு ஒரு மாதம் வருவார். அம்மா தொடக்கப் பள்ளி ஆசிரியை. பி.எஃப். கடன், சீட்டுப் பணம், மாமா கொடுத்தது என்று எல்லாம் சேர்த்து ஒற்றை ஆளாக இறங்கினார். மே மாதம் தளம் போட்டார்கள். உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும், தளம் போட்ட மறுநாள் மேலே சின்னச் சின்னப் பாத்திகளாக வரப்பு கட்டித் தண்ணீர் நிறுத்துவார்கள். எனக்கு அது கடல் மாதிரி இருந்தது. நோட்டுப் பேப்பரில் கப்பல் செய்து விட்டேன். ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குக் கப்பல் போக வேண்டும் என்பதற்காக வரப்பையெல்லாம் உடைத்துக் கால்வாய் வெட்டினேன். தண்ணீர் மொத்தமும் மழைநீர்க் குழாய் வழியாக இறங்கிவிட்டது. அம்மா வெளியே போய்விட்டு மதியம் வந்து பார்த்தால் தளம் வெள்ளையாகக் காய்ந்து கிடக்கிறது.

பச்சைக் கலர் ஹோஸ் பைப்பால் அடித்தார். கெண்டைக்காலில் மூன்று கோடு. அதுவரை என்னை அடித்ததே இல்லை. அன்று ராத்திரி, அம்மாவுக்கு என்னைவிட இந்த வீடுதான் பெரிசு என்று முடிவு செய்தேன். முப்பது வருடமாக அந்த முடிவை மாற்றவில்லை. கல்யாண வீடுகளில் இதை ஜோக்காகச் சொல்வேன். எல்லாரும் சிரிப்பார்கள், அம்மாவும் சிரிப்பார். ஆனால் நான் முழுக்க ஜோக்காகச் சொன்னதில்லை.

அப்போது அம்மாவுக்கு 34 வயது. எனக்கு இப்போது 41.

இப்படி ஒரே படம் வேறு படமாக மாறிய அனுபவம் உங்களுக்கு உண்டா?

கலவை மேஸ்திரி எழுதியது, செவ்வாய் காலை 10:40

அம்மா அடித்தது தப்பு. ஆனால் மே மாத வெயிலில் தளத்தைக் காயவிட்டது அதைவிடப் பெரிய தப்பு, தம்பி. முதல் ஏழு நாள்தான் காங்கிரீட்டுக்கு உயிர். அந்த நேரத்தில் ஈரம் போனால் மயிரிழை மாதிரி விரிசல் விடும், அப்புறம் ஐப்பசி மழையில் ஒழுகும். உங்கள் வீடு ஒழுகுகிறதா?

டயனோரா டிவி எழுதியது, செவ்வாய் காலை 10:55

ஹாலில் ஒரு மூலையில் ஒழுகும். இதுவரை யாரும் அதற்கு என்னைக் காரணம் சொன்னதில்லை. தயவு செய்து நீங்களும் சொல்லாதீர்கள்.

ரீல் பதினாலு எழுதியது, செவ்வாய் காலை 11:30

கூட்டத்தோடு கூட்டமாக நானும் பாராட்ட முடியாது, மன்னிக்கவும். நானும் இரண்டு தடவை பார்த்தேன், இருபது வயதில் ஒன்று, ஐம்பதில் ஒன்று. இரண்டு தடவையும் ஒரே மாதிரிதான் இருந்தது. நல்லவர்களுக்கு வரிசையாகக் கெட்டதே நடக்கும். மழை வரும், காண்ட்ராக்டர் திருடுவான், கடன் கேட்ட இடத்தில் ஒருவன் கையைப் பிடிப்பான், தாத்தா செத்துப் போவார், கடைசியில் நிலமே அரசாங்கத்துடையது என்பார்கள். ஒரு மனுஷிக்கு இத்தனையுமா? அழ வைப்பதற்கென்று அடுக்கிய செங்கல் இது. ஒளிப்பதிவு அபாரம், அதில் மறுபேச்சு இல்லை. ஜன்னல் வெளிச்சத்தை அந்த மனிதர் மாதிரி யாரும் பயன்படுத்தியதில்லை. ஆனால் ‘என் அம்மாவைப் பார்த்தேன்’ என்பதெல்லாம் உங்கள் ஞாபகம் செய்கிற வேலை. படம் செய்ததாகச் சொல்ல முடியாது.

வாடகைவாசி எழுதியது, செவ்வாய் மதியம் 2:05

நான் இந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. ஆனால் முழுசாகப் பார்த்தது இரண்டே முறை. மற்ற நேரமெல்லாம் முதல் அரை மணி நேரம் மட்டும் பார்ப்பேன். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்வது, வாடகைக்கு அலைவது, யாரோ ஒருத்தர் சொந்தமாகக் கட்டிவிடலாமே என்று ஆரம்பித்து வைப்பது. அதோடு நிறுத்திவிடுவேன்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் பதினோரு வீடு மாறியிருக்கிறேன். எத்தனை பேர், சைவமா, தண்ணீர் அதிகம் புழங்குவீர்களா, ஆணி அடிப்பீர்களா. ஒரு வீட்டில் நான் மாட்டிய காலண்டரைக் கழற்றிவிட்டு ஆணி அடித்த ஓட்டைகளை எண்ணினார் வீட்டம்மா. ஒரு ஓட்டைக்கு ஐம்பது ரூபாய் என்று அட்வான்ஸில் கழித்துக்கொண்டார். ஏழு ஓட்டை, முந்நூற்று ஐம்பது. அதில் மூன்று எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் அடித்தது.

இருபது வயதில் பார்த்தபோது சுதாவின் கஷ்டம் காண்ட்ராக்டரோடு ஆரம்பிக்கிறது என்று நினைத்தேன். இப்போது பார்த்தால், காலி பண்ணுங்கள் என்ற சொல் விழுந்த அன்றே அவள் தோள் இறங்கிவிடுகிறது. அதற்கப்புறம் நடப்பதெல்லாம் அந்தச் சொல்லிடமிருந்து தப்பிக்க ஓடுகிற ஓட்டம்.

ரீல் பதினாலு சார், ஒரு மனுஷிக்கு இத்தனையுமா என்று கேட்டீர்களே. கடன் கேட்ட இடத்தில் கையைப் பிடித்த விஷயத்தை மட்டும் சொல்கிறேன். பட்டியலில் ஒரு வரியாக அதைப் போட்டுவிட்டீர்கள். இளவயதில் நானும் அந்த ஆளை வில்லனாக மட்டும்தான் பார்த்தேன். இப்போது தோன்றுவது வேறு. சம்பளத்தை நம்பிக் கடன் வாங்கிய பெண், அங்கே என்ன நடந்திருந்தாலும் திங்கட்கிழமை ஒன்பதரைக்கு ஆபீஸில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். படத்தில் வராத அந்தத் திங்கட்கிழமைதான் எனக்குத் தெரிகிறது. வேலைக்குப் போகிற எந்தப் பெண்ணையும் கேட்டுப் பாருங்கள்.

ரீல் பதினாலு எழுதியது, செவ்வாய் மதியம் 2:31

ஆணிக் கணக்குக்கு முன்னால் என் விமர்சனம் தோற்றது. ஏழு ஓட்டை!

மட்டுநகரான் எழுதியது, செவ்வாய் இரவு 8:47

வணக்கம். நான் மட்டக்களப்பு, இப்ப டொராண்டோவில இருக்கிறன். டயனோரா டிவி தன்ர அம்மாவப் பற்றி எழுதினதை வாசிச்ச உடன எழுதாம இருக்க ஏலாமப் போச்சு.

பாலு மகேந்திரா எங்கட ஊர்க்காரர். மட்டக்களப்புக்குப் பக்கத்தில, மாமாங்கேஸ்வரர் கோயில் இருக்கிற அமிர்தகழி. 1939-இல பிறந்தவர். சின்ன வயசில தன்ர அம்மா ஒரு வீடு கட்டத் தொடங்கின காலத்தில, அதுவரைக்கும் சாந்தமா இருந்த மனுசி எரிச்சலும் கோபமுமா மாறிப்போனதைப் பற்றி அவர் சொல்லியிருக்கிறார். அந்த ஞாபகம்தான் இந்தப் படத்துக்கு விதை. அப்ப, ரீல் பதினாலு ஐயா, படத்தில அம்மாவைப் பார்த்தது டயனோராவின்ர ஞாபகம் செய்த வேலை மட்டுமில்ல. படத்துக்குள்ள முதல்லயே ஒரு அம்மா இருக்கிறா. சின்னப் பொடியனா நிண்டு, அம்மா ஏன் இப்பிடி மாறிட்டா எண்டு விளங்காமப் பார்த்த ஒருவர், ஐம்பது வயசுக்குக் கிட்ட வந்து எடுத்த படம் இது.

எங்கட பக்கத்தில வீடு எண்டா பொம்பிளையின்ர பேரில. மகள் கலியாணம் முடிக்கேக்க வீடும் வளவும் சீதனமாப் போகும். மூண்டு பெட்டை இருந்தா மூண்டு வீடு. அதால அத்திவாரம் போட்ட நாள் துவங்கி, மேசனோட மல்லுக்கட்டுறது, சீமெந்துப் பை எண்ணுறது எல்லாம் அம்மாமாரின்ர தலையிலதான் விடியும். என்ர அம்மா அக்காவுக்குக் கட்டின வீட்டுக்குக் கதவு நிலை வைச்சாச்சு, கூரை மரம் ஏத்தியாச்சு, ஓடு வாங்கிப் பின் வளவில அடுக்கி வைச்சிருந்தது. 1990 ஆனியில சண்டை துவங்கினது. ஓடு அப்பிடியே கிடக்க வெளிக்கிட்டம்.

நான் இந்தப் படத்தை ஒருக்காத்தான் முழுசாப் பார்த்தன். தாத்தா அந்த அரைகுறை வீட்டுக்குள்ள நடந்து திரியிற இடம் வரேக்க நிப்பாட்டிப்போட்டு, ரெண்டு நாள் கழிச்சுத்தான் மிச்சம் பார்த்தன்.

டயனோரா டிவி எழுதியது, செவ்வாய் இரவு 9:20

மட்டுநகரான், இது எனக்குத் தெரியவே தெரியாது. மூன்று தடவை பார்த்தும் தெரியாது. கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்த ஓடுகள் என்ன ஆயின?

மட்டுநகரான் எழுதியது, செவ்வாய் இரவு 9:34

ஆருக்குத் தெரியும். ஆரோ ஒருத்தருக்குக் கூரையா இருந்தாச் சரி.

பத்திர ஆபீஸ் எழுதியது, புதன் காலை 7:15

நான் முப்பது வருடமாகப் பத்திரம் எழுதுகிறவன். எனக்கு இந்தப் படம் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் ஆரம்பிக்கும். வளசரவாக்கத்தில் இரண்டு மனை, ஒன்றை விற்று இன்னொன்றில் கட்டுகிறார்கள். இப்போது அங்கே விலை கேட்டால் மயக்கம் வரும். அப்போது அது ஊருக்கு வெளியே. 2011-இல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. லஞ்சம் கொடுத்து பிளான் அனுமதி வாங்கி, கட்டி, கடைசியில் அந்த இடம் குடிநீர் வாரியத்துக்காக எடுக்கப்பட்டது என்று தெரிய வருகிறது.

என்னிடம் வருகிறவர்கள் இன்றைக்கும் கேட்பது, வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சு, அப்புறம் என்ன பயம் என்றுதான். வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள்தான் வரும். கிரயம், அடமானம், தான செட்டில்மெண்ட். அந்தக் காலத்து 1894 நிலமெடுப்புச் சட்டப்படி கெஜட்டில் ஓர் அறிவிப்பு வந்திருந்தால் அது வில்லங்கத்தில் ஏறியிருக்கும் என்று நம்ப முடியாது. தாலுகா ஆபீஸ், வாரியம், பஞ்சாயத்து என்று ஒவ்வொரு கதவாகத் தட்டிக் கேட்க வேண்டும். ஒரு ஆபீஸுக்குத் தெரிந்தது பக்கத்து ஆபீஸுக்குத் தெரியாது. இதை அந்தப் படம் அளவுக்குப் புட்டுப்புட்டு வைத்தது எதுவும் இல்லை. எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேரும் பையன்களிடம் முதல் வாரமே இதைப் பார்க்கச் சொல்வேன். பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள், அது வேறு விஷயம்.

என்னிடம் ஒருவர் அப்படி வந்தார். வீடு முடிந்து பால் காய்ச்சி எட்டு மாதம். நோட்டீஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். எடுத்து நீட்டும்போது, படிச்சுட்டு ஒண்ணும் இல்லைன்னு சொல்லிடுங்க சார் என்றார்.

ரீல் பதினாலு எழுதியது, புதன் காலை 8:02

சரி, முடிவைப் பற்றி நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் சுதாவைக் கட்டிக்கொள்ளப் போகிற கோபி பாத்திரம்? பானு சந்தர் எதற்கெடுத்தாலும் கோபப்படுகிறார். பெயரிலேயே வைத்துவிட்டார்கள் போல.

வாடகைவாசி எழுதியது, புதன் காலை 8:40

தன் தங்கை கல்யாணம் என்று சேர்த்து வைத்ததை இந்த வீட்டில் போடுகிறவன் கொஞ்சம் கோபப்பட்டால் என்ன? இன்னும் கல்யாணமே ஆகவில்லை, அதற்குள் வெயிலில் நின்று செங்கல் எண்ணுகிறான்.

நடுராத்திரி ராஜா ரசிகன் எழுதியது, புதன் காலை 11:11

யாருமே இசையைப் பற்றிச் சொல்லவில்லையா? படத்துக்கென்று தனியாக எழுதியது இல்லை. இளையராஜா 1986-இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ ஆல்பத்திலிருந்து பாலு மகேந்திரா எடுத்துப் போட்டுக்கொண்டது. அந்த வயலின் கேட்டாலே எனக்குச் செங்கல் வாசனை வரும். அவ்வளவுதான், போகிறேன்.

கலவை மேஸ்திரி எழுதியது, புதன் இரவு 10:18

காலையிலிருந்து எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

எல்லாரும் சுதா, தாத்தா, கோபி என்கிறீர்கள். எனக்கு இது மங்கம்மா படம். சத்யா நடித்த அந்தச் சித்தாள். காண்ட்ராக்டர் சிமெண்டைக் கடத்துவதை வீட்டுக்காரப் பெண்ணின் முன்னால் போட்டு உடைப்பவள்.

முதலில் அந்தத் திருட்டு ஏன் அவ்வளவு பெரிசு என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். இன்றைக்கு போன் பண்ணினால் அரை மணியில் சிமெண்ட் இறங்கும். அப்போது அது அரசாங்கம் கட்டுப்படுத்தி விற்ற கண்ட்ரோல் சரக்கு. 1982-இல் கொஞ்சம் தளர்த்தினார்கள், 1989 மார்ச்சில்தான் முழுக்க விட்டார்கள். படம் எடுத்த காலம் இரண்டுக்கும் நடுவில். ஒரு மூட்டையை வெளியே தள்ளினாலும் காசு. கூரையைப் பிரித்தெல்லாம் திருட வேண்டாம். ஒன்றுக்கு ஐந்து என்று மணல் போட வேண்டிய கலவையில் ஒன்றுக்கு எட்டுப் போட்டால் போதும், மிச்சம் மூட்டை தானாக நிற்கும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும். மறு வாரம் செங்கல் இணைப்பில் ஆணியால் கீறினால் மாவு மாதிரி கொட்டும். அப்போதுதான் தெரியும்.

யாருக்கு முதலிலேயே தெரியும் என்றால், கலவை போடுகிற சித்தாளுக்கு. எத்தனை பாண்டு சட்டி மணல், எத்தனை பாண்டு சிமெண்ட் என்று அவள் கைதான் கணக்கு.

என் அம்மா சித்தாள். இருபத்தாறு வருடம். நான் படித்து சிவில் டிப்ளமோ முடித்து இன்று சொந்தமாக வேலை எடுத்துச் செய்கிறேன், பெயரில் மட்டும்தான் மேஸ்திரி. 90களில் ஒரு வேலையில் இதே மாதிரி நடந்தது. அம்மாவுக்குத் தெரியும். வீட்டுக்காரர் நல்ல மனிதர், தினமும் சாயங்காலம் சைக்கிளில் வந்து சுவரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிட்டுப் போவார். அம்மா வாயைத் திறக்கவில்லை. நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன், பீஸ் கட்ட வேண்டும். அந்த வாரக் கூலி சனிக்கிழமை வந்தது, திங்கட்கிழமை பீஸ் கட்டினேன்.

இருபத்தைந்து வயதில் படம் பார்த்தபோது மங்கம்மாவுக்குக் கை தட்டினேன். டிவி முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார். தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். பல வருடம் கழித்து, தானாகவே ஒரு நாள் அந்தச் சைக்கிள்காரர் கதையைச் சொன்னார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான் யார் பக்கத்தில் உட்கார்ந்து யாருக்குக் கை தட்டியிருக்கிறேன் என்று.

இப்போது பார்த்தால், உண்மையைச் சொன்னதற்கு மங்கம்மாவுக்கு என்ன கூலி என்றுதான் யோசிக்கிறேன். அவளுக்கு ஒன்பதாவது படிக்கிற பையன் இருந்திருந்தால்?

என் வேலையில் கலவை போடும் இடத்தில் நானே நிற்பேன். ஆட்களுக்கு எரிச்சல், எனக்கும் கால் வலி. அம்மாவிடம் காரணம் சொன்னதில்லை. சொல்லப்போவதும் இல்லை.

வாடகைவாசி எழுதியது, புதன் இரவு 10:50

இதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. படித்தேன் என்று மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ரீல் பதினாலு எழுதியது, புதன் இரவு 11:25

மேஸ்திரி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு அந்தக் காட்சியைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பிரிண்ட் கண்றாவியாக இருக்கிறது. மூல நெகடிவே மிஞ்சவில்லை என்று பாலு மகேந்திரா கடைசிக் காலத்தில் புலம்பினார். 2014-இல் போயும் சேர்ந்துவிட்டார். மத்திய அரசு சிறந்த தமிழ்ப் படம் என்று விருது கொடுத்தது, அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகை விருது கொடுத்தது. படத்தைப் பத்திரமாக வைக்கத்தான் ஆள் இல்லை. வீடு கட்டுவது பற்றிய படத்துக்கே ஒரு நிழல் கிடைக்கவில்லை பாருங்கள்.

படம் எனக்கு இன்னும் அதிகச் சோகம்தான். ஆனால் எனக்கு வீடு அப்பா கட்டிக் கொடுத்தது. சாவி கையில் வந்தது. ஒருவேளை அதுவும் காரணமாக இருக்கலாம்.

டயனோரா டிவி எழுதியது, வியாழன் காலை 6:50

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன். அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படத்தைப் போடப் போகிறேன். ஹோஸ் பைப் பேச்சை எடுப்பேனா என்று தெரியவில்லை.

நடுராத்திரி ராஜா ரசிகன் எழுதியது, வியாழன் காலை 7:05

முதலில் அந்த பைப் இன்னும் வீட்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டயனோரா டிவி எழுதியது, திங்கள் காலை 9:30

போட்டேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

மனதில் என்னென்னவோ ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அம்மா கண் கலங்குவார், நான் மன்னிப்புக் கேட்பேன், இல்லை அவர் கேட்பார், இப்படி. அம்மா ஒரு முறத்தில் முருங்கைக்கீரையை வைத்துக்கொண்டு ஆய்ந்தபடியே பார்த்தார்.

காண்ட்ராக்டர் வந்ததும், “இவன் மூஞ்சியே சரியில்ல” என்றார். சுதா பணம் கொடுக்கும் இடங்களில் எல்லாம், “நோட்டுல எழுதிக்கிறாளா பாரு” என்று என்னைக் கேட்டார். மங்கம்மா வந்தபோது மேஸ்திரியின் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். கீரை ஆய்வதை நிறுத்திவிட்டுக் கேட்டார். “பாவம், அவ என்ன பண்ணுவா” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

பாதியில் தூங்கிவிட்டார். எழுபதைத் தொடப்போகிறவர், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம். நான் சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாத்தா காட்சி வரும்போது எப்படியோ முழிப்பு வந்துவிட்டது. நாடக மேடையில் வளர்ந்த சொக்கலிங்க பாகவதர் அந்த இடத்தில் நடிக்கிற மாதிரியே இருக்காது. யாரோ ஒரு பெரியவர் தன் வீட்டைப் பார்க்க வந்த மாதிரி ஒவ்வொரு அறையாகப் போவார். எனக்குத் தொண்டை அடைத்தது. மெல்லத் திரும்பி அம்மாவைப் பார்த்தேன்.

“பூசாத செவுத்தைத் தடவுனா கை சிராய்க்கும்” என்றார்.

அவ்வளவுதான். படம் முடிந்ததும், “வீடு முடிஞ்சுதா இல்லையா?” என்று கேட்டார். இல்லம்மா, கேஸ் நடக்குது என்றேன். “எவன் வீடு முடியுது. நம்ம மேக்கால செவுரு இன்னும் பூசல” என்று சொல்லிவிட்டுக் கீரையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

பின்னால் போய்ப் பார்த்தேன். உண்மைதான். மேற்குச் சுவர் வெளிப்பக்கம் பூச்சு இல்லை. முப்பது வருடமாகச் செங்கல் தெரிந்துகொண்டே இருந்திருக்கிறது. அந்தப் பக்கம்தான் சைக்கிள் நிறுத்துவேன், அந்தச் சுவரில்தான் ஸ்டம்பு வரைந்து கிரிக்கெட் ஆடினேன். பணம் தீர்ந்துபோய் அங்கே நிறுத்தியிருக்கிறார் என்பது ஒரு நாளும் தோன்றியதில்லை. செங்கல் சுவர் என்றால் செங்கலாகத்தானே இருக்கும் என்று இருந்திருக்கிறேன்.

ஹோஸ் பைப் பேச்சை எடுக்கவில்லை. ராத்திரி சாப்பிடும்போது, சுவரைப் பூசிடலாமாம்மா என்று கேட்டேன். இப்ப எதுக்கு வெட்டிச் செலவு என்றார். ரசம் ஊற்றிவிட்டு, “எவ்ளோ ஆகும்?” என்றார்.

மேஸ்திரி, நீளம் இருபது அடி, உயரம் பத்து அடி. ஜன்னல் கிடையாது. எவ்வளவு ஆகும்?

கலவை மேஸ்திரி எழுதியது, திங்கள் காலை 10:10

இருநூறு சதுர அடி. வெளிப்பூச்சு, ஒன்றுக்கு ஐந்து, இரண்டு கோட். சிமெண்ட் மூன்று மூட்டை வாங்குங்கள், கொஞ்சம் மிஞ்சும். மணல் பதினெட்டு கன அடி போதும், பூச்சு மணல் என்று கேட்டு வாங்குங்கள். ஒரு கொத்தனார், ஒரு சித்தாள், சாரம் கட்டுவதையும் சேர்த்து இரண்டு நாள். முப்பது வருடச் சுவர், பாசி பிடித்திருக்கும். முதல் நாளே கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பூச்சு பிடிக்காமல் உப்பும். கலவை போடும்போது பக்கத்தில் நில்லுங்கள். சித்தாளுக்கு டீ உங்கள் செலவு.

மட்டுநகரான் எழுதியது, திங்கள் காலை 10:26

பூசி முடிய ஒரு படம் போடுங்கோ.

டயனோரா டிவி எழுதியது, திங்கள் இரவு 8:15

அம்மாவிடம் மூன்று மூட்டை என்றேன். “ரெண்டரை போதும், உன் மேஸ்திரி கூட சொல்றான்” என்கிறார். அடுத்த வாரம் கொத்தனார் வருகிறார். ஒரு வாரம் லீவு போட்டிருக்கிறேன். ஏழு நாளும் தண்ணீர் நான்தான் ஊற்ற வேண்டுமாம், அம்மா சொல்லிவிட்டார்.

கலவை மேஸ்திரி எழுதியது, திங்கள் இரவு 8:32

மூன்றே வாங்குங்கள். அம்மாவிடம் சொல்ல வேண்டாம். மேற்குச் சுவர், மதியம் இரண்டு மணிக்கு மேல் வெயில் நேராக அடிக்கும். காலையில் ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை, பொழுது சாய ஒரு தடவை ஊற்றுங்கள். அடியிலிருந்து இல்லை, மேலேயிருந்து.